கணக்கேட்டின் அடுத்த பக்கம்

வாசகர் கேள்வி – பதில்

பங்கு வாங்கும் முன் நிறுவனத்தின் ஆண்டறிக்கையை ஒருமுறையாவது வாசியுங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். வாசித்தவர்கள் இப்போது கேள்விகளை அனுப்பியிருக்கிறார்கள். அவற்றுள் பெரும்பாலானவை, ஆண்டறிக்கை ஒன்றைச் சொல்ல, பகுப்பாய்வாளரின் எதிர்வுகூறல் வேறொன்றைச் சொல்கிறதே, எதை நம்புவது என்ற ஒரே முடிச்சில் வந்து நிற்கின்றன. ஆகவே இம்முறை இடம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: எனது பணிக்கொடையில் ஒரு பகுதியைக் கொழும்புப் பங்குச் சந்தையில் இட்டிருக்கிறேன். நான் வைத்திருக்கும் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் பங்கொன்றுக்கான தேறிய சொத்து 100 ரூபா என்று இருக்கிறது. சந்தையில் அது 130 ரூபாவுக்குக் கைமாறுகிறது. தரகர் அனுப்பிய அறிக்கையோ அதன் பெறுமதி 180 ரூபா என்கிறது. அந்த அறிக்கையின் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன். மூன்றில் எதை நான் எடுத்துக்கொள்வது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், சுன்னாகம்)

பதில்: முதலில் அந்த 100 ரூபாவைப் பார்ப்போம். அது முகப்பெறுமதி அல்ல. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தோடு நம் நாட்டில் முகப்பெறுமதி என்ற ஏற்பாடே இல்லாமற் போய்விட்டது. பங்குதாரர்கள் இட்ட பணமும், நிறுவனம் உழைத்ததில் பங்கிலாபமாகக் கொடுக்காமல் உள்ளே விட்டுவைத்த பணமும் சேர்ந்து, கணக்கீட்டு நியமங்களின்படி அளக்கப்பட்டு, பங்குகளின் எண்ணிக்கையால் வகுக்கப்பட்ட தொகையே அது. அதாவது, உங்கள் பெயரில் நிறுவனத்துக்குள் இருக்கும் முதல்.

அந்த முதலுக்கு மேல் ஒருவர் ஏன் பணம் கொடுக்கிறார் என்பதுதான் அடுத்த விடயம். இணுவிலில் 40 இலட்சம் ரூபாவுக்குத் தோட்டக் காணி வாங்கிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். அந்தப் பணத்தை அவர் வேறு வழியில் இட்டிருந்தால் நூற்றுக்குப் பத்து வீதம், அதாவது ஆண்டுக்கு 4 இலட்சம், கிடைத்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். வெங்காயமும் புகையிலையும் செய்து, கூலி, உரம், மருந்து, இறைப்புச் செலவு எல்லாம் போக அதே 4 இலட்சமே கையில் மிஞ்சினால், அந்தத் தோட்டத்துக்கு 40 இலட்சத்துக்கு மேல் கொடுக்க எவருக்கும் காரணம் இல்லை. 5 இலட்சம் மிஞ்சினால், வாங்க வருபவர் 40க்கு மேல் கொடுப்பது அந்த மேலதிக ஓர் இலட்சத்துக்காகத்தான். 3 இலட்சமே மிஞ்சுமாயின், போட்ட காசுக்குக்கூட அது போகாது. கணக்கிலே இலாபம் காட்டினாலும், முதலுக்குரிய கூலியை, அதாவது அந்தப் பணம் வேறு வழியில் தந்திருக்கக்கூடிய 4 இலட்சத்தை, கழித்த பிறகு அங்கே இருப்பது நட்டம். அந்தக் கூலியைக் கழித்தபின் மிஞ்சுவதை எஞ்சிய இலாபம் என்று கணக்கீட்டில் சொல்வார்கள். ஒரு பங்கின் பெறுமதி என்பது, இன்றைய தேறிய சொத்தோடு, இனிவரும் ஆண்டுகளின் எஞ்சிய இலாபங்களை இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவந்து கூட்டிய தொகையாகும்.

இனி, நீங்கள் அனுப்பிய அறிக்கைக்கு வருகிறேன். அதன் இரண்டாம் பக்கத்தில், மஞ்சள் நிறத்தால் நீங்கள் அடையாளமிட்டிருந்த பெட்டியில், அடுத்த மூன்று ஆண்டுகளுக்கான பங்கொன்றுக்கான உழைப்பு (ஒரு பங்குக்குரிய இலாபம்) 18, 20, 22 ரூபா என்றும், பங்கிலாபம் 6, 7, 8 ரூபா என்றும் எதிர்வுகூறப்பட்டிருக்கிறது. நிறுவனத்தின் ஆபத்துக்கு ஏற்ப முதலுக்கு 15 வீதக் கூலி கேட்க வேண்டும் என்று அவர்களே முதற்பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். ஆகவே அவர்களுடைய எண்களையே எடுத்து, ஒரு கடதாசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதலாம் ஆண்டின் ஆரம்ப முதல் 100 ரூபா, கூலி 15 ரூபா, உழைப்பு 18, எஞ்சியது 3 ரூபா. ஆண்டு முடிவில் 100உடன் 18ஐக் கூட்டிப் பங்கிலாபம் 6ஐக் கழித்தால் முதல் 112 ஆகிறது. இரண்டாம் ஆண்டில் அந்த 112க்குக் கூலி 16.80 ரூபா, உழைப்பு 20, எஞ்சியது 3.20. அடுத்து முதல் 125 ஆகிறது, கூலி 18.75, உழைப்பு 22, எஞ்சியது 3.25. இந்த இடத்தில் சற்று நின்று பாருங்கள். உழைப்பு 18இலிருந்து 22 ஆக ஏறியிருக்கிறது. அறிக்கையின் தலைப்பும் அந்த வளர்ச்சியையே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. ஆனால் எஞ்சிய இலாபம் மூன்று ரூபாவைச் சுற்றியே நிற்கிறது. ஏறிய 4 ரூபாவில் 3.75 ரூபா, உங்களுக்குப் பங்கிலாபமாகத் தராமல் உள்ளே வைத்துக்கொண்ட உங்கள் பணத்துக்கே உரிய கூலி. வங்கியில் வட்டியை எடுக்காமல் விட்டால் அடுத்த ஆண்டு வட்டி கூடுவதைப் போன்ற வளர்ச்சி இது.

மூன்று ஆண்டுகளின் எஞ்சிய இலாபங்களையும் 15 வீதத்தால் கழிவு செய்து இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவந்தால் ஏறத்தாழ 7.17 ரூபா வருகிறது. அதன் பிறகு மேலதிகம் எதுவும் இல்லை என்று கொண்டால் பங்கின் பெறுமதி 107 ரூபா. மூன்றாம் ஆண்டின் 3.25 ரூபா என்றென்றைக்கும் தொடரும் என்று தாராளமாகக் கொண்டாலும் 121 ரூபாதான். அப்படியானால் 180 எங்கிருந்து வந்தது? அதைப் பின்னோக்கிப் போட்டுப் பார்த்தேன். 180 சரியாக இருக்க வேண்டுமானால், நான்காம் ஆண்டிலிருந்து ஒவ்வோராண்டும் 16.60 ரூபா அளவில் எஞ்சிய இலாபம் வர வேண்டும். அப்போதைய ஆரம்ப முதல் 139 ரூபா. அதற்குரிய கூலி 20.85 ரூபா, ஆகவே உழைப்பு 37 ரூபாவுக்கும் மேல் இருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் 22 ரூபா உழைத்த நிறுவனம் மறு ஆண்டே 37 ரூபா உழைக்கும் என்பதற்கு அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. சந்தை விலையான 130ஐ இதே முறையில் பிரித்தால், நான்காம் ஆண்டில் 26 ரூபா உழைப்பைச் சந்தை எதிர்பார்க்கிறது என்று தெரிகிறது. அது நடக்கக்கூடியது, ஆனால் அதற்கே நிறுவனம் சற்று ஓட வேண்டும்.

இதனால் அந்தப் பகுப்பாய்வாளர் பொய் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அவருடைய மூன்றாண்டு எண்கள் நிதானமானவை. நான் அவற்றை மதிக்கிறேன். 180 ரூபா என்ற இலக்கு விலை மட்டும் அந்த எண்களோடு கட்டப்படாமல் தனியே நிற்கிறது. எதிர்வுகூறல் என்பது கணக்கேட்டின் அடுத்த பக்கம். முந்திய பக்கத்தின் மீதியைக் கீழே கொண்டு வராமல் அடுத்த பக்கத்தை எழுத முடியாது. இந்தக் கணக்கைப் போடுவதற்கு நீங்கள் வகுப்பறையில் பயன்படுத்திய கணிப்பான் போதும்; இலக்கு விலை ஒன்றைக் காணும்போதெல்லாம் அதைப் பின்னோக்கிப் போட்டு, எந்த ஆண்டில் எவ்வளவு உழைப்பு தேவைப்படுகிறது என்று கேளுங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு நிறுவனங்களின் கணக்குகளையும் எதிர்வுகூறல்களையும் எங்கே பெறுவது? (வாசகி, சாவகச்சேரி)

பதில்: கணக்குகளைப் பெறக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளும் காலாண்டுக் கணக்குகளும் கொழும்புப் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கின்றன. முதல் மூன்று காலாண்டுகளின் கணக்குகள் காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள்ளும், நான்காவது இரண்டு மாதங்களுக்குள்ளும், ஆண்டறிக்கை ஐந்து மாதங்களுக்குள்ளும் வெளிவர வேண்டும். சந்தைக்கு யாழ்ப்பாணத்திலும் கிளை இருக்கிறது. பங்குகளை வைத்திருப்பதற்கான மத்திய வைப்பகக் கணக்குத் திறப்பது பற்றி அங்கே நேரில் கேட்கலாம். எதிர்வுகூறல்கள் தரகு நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவுகளிலிருந்து வருகின்றன. பெரும்பாலும் பெரிய நிறுவனங்களைப் பற்றியே அவை எழுதப்படுகின்றன. சிறிய நிறுவனம் ஒன்றை வைத்திருப்பவர் அதன் அடுத்த பக்கத்தைத் தானே எழுதிப் பார்க்க வேண்டியதுதான்.

கேள்வி: நான் யாழ். பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பயிலும் மாணவன். கணக்குகள் கடந்தகாலத்தைத்தான் சொல்கின்றன, விலையோ எதிர்காலத்தைப் பற்றியது. ஆகவே பங்கு விலைக்குக் கணக்குகள் தேவையில்லை, பகுப்பாய்வாளரின் எதிர்வுகூறலே போதும் என்று நண்பர்கள் வாதிடுகிறார்கள். இது சரியா? (திருநெல்வேலி)

பதில்: உங்கள் நண்பர்களின் வாதத்தில் பாதி மெய். அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொள்வோம். 1968இல் கணக்கியல் ஆய்வாளர்களான ரே போலும் பிலிப் பிரவுனும் அமெரிக்க நிறுவனங்களின் ஆண்டு இலாபத்தையும் பங்கு விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இலாப அறிவித்தல் சொல்லும் செய்தியில் 85 முதல் 90 வீதம் வரையானதை, அறிவித்தல் வரும் மாதத்துக்கு முன்னரே விலை உள்வாங்கிவிடுகிறது என்று கண்டார்கள். ஏனைய வழிகளால் செய்தி முந்திக்கொண்டு வருகிறது. கணக்குகள் பிந்தி வருவதற்குக் காரணமும் உண்டு. ஒப்பந்தம் ஒன்று கைச்சாத்தானாலும், பொருளோ சேவையோ கைமாறும் வரை அது வருமானமாகப் பதியப்படுவதில்லை. ஒரு நிறுவனம் ஆண்டுக்கணக்காகத் தானே வளர்த்தெடுத்த வர்த்தகப் பெயரைச் சொத்தாகக் காட்ட இலங்கைக் கணக்கீட்டு நியமம் 38 இடம் கொடுப்பதில்லை. பகுப்பாய்வாளர் இவற்றையெல்லாம் முன்கூட்டியே தம் எண்ணில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் மற்றப் பாதியை அவர்கள் விட்டுவிட்டார்கள். 1995இல் ஜேம்ஸ் ஓல்சன் எழுதிய கட்டுரை இதை மிகத் தெளிவாகக் காட்டியது. உங்கள் பாடத்திட்டத்திலும் அது எங்கேனும் வரும், வந்தால் தவிர்த்துவிடாதீர்கள். அவருடைய வாய்பாட்டில் பெறுமதி மூன்று கூறுகளால் ஆனது: தேறிய சொத்து, நடப்பாண்டின் எஞ்சிய இலாபம், கணக்குகளில் இன்னும் ஏறாத வேறு தகவல். எஞ்சிய இலாபம் என்றும் அப்படியே நிற்பதில்லை. போட்டி வர வர அது தேயும். நல்ல வருமானம் தரும் சந்தியில் ஒரு கடை திறந்தால் அடுத்த ஆண்டு எதிரே இன்னொரு கடை முளைப்பதை நாம் காண்கிறோம் அல்லவா, அதுபோல. எவ்வளவு வேகமாகத் தேயும் என்பதை டெக்கோ, ஹட்டன், ஸ்லோன் ஆகிய மூவர் 1999இல் அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு அளந்தபோது, இவ்வாண்டின் எஞ்சிய இலாபத்தில் சராசரியாக 62 வீதமே அடுத்த ஆண்டில் மிஞ்சுகிறது என்று கண்டார்கள். அந்த மூன்றாம் கூறான வேறு தகவலை எப்படி அளப்பது? பகுப்பாய்வாளரின் எதிர்வுகூறலிலிருந்து, கணக்குகளை மட்டும் வைத்து எவரும் எதிர்பார்க்கக்கூடிய எண்ணைக் கழித்து அளந்தார்கள். பகுப்பாய்வாளர் நமக்கு உண்மையில் புதிதாகத் தருவது அந்த வித்தியாசத்தை மட்டுமே.

மேலே சுன்னாகம் ஆசிரியருக்குப் போட்ட கணக்கையே எடுங்கள். முதலாம் ஆண்டு முடிந்துவிட்டது, எஞ்சிய இலாபம் 3 ரூபா, முதல் இப்போது 112 ரூபா என்று கொள்வோம். கணக்குகளை மட்டும் பார்த்தால் அடுத்த ஆண்டின் எஞ்சிய இலாபம் 3இன் 62 வீதமான 1.86 ரூபாவாக இருக்கும். பகுப்பாய்வாளரோ 3.20 என்கிறார். அவர் கொண்டுவந்த புதுச்செய்தி 1.34 ரூபா. இந்தச் செய்தியும் தேய்ந்துபோகும் ஒன்றே. அதில் அடுத்த ஆண்டுக்கு மிஞ்சுவதை அந்த மூவர் கண்டபடி 32 வீதம் என்று எடுத்து, 15 வீதக் கூலியோடு ஓல்சனின் வாய்பாட்டில் இட்டால், கணக்குகளின் 3 ரூபா பெறுமதியில் ஏறத்தாழ 3.50 ரூபாவைச் சேர்க்கிறது. பகுப்பாய்வாளரின் செய்தியும் ஏறத்தாழ அதே 3.50 ரூபாவைச் சேர்க்கிறது. மொத்தம் 119 ரூபா. அந்த 119இல் 112 ரூபா கணக்கேட்டின் கடைசி வரியில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. கணக்குகள் தேவையில்லை என்று சொல்லும் நண்பருக்கு இந்த ஓர் எண்ணைக் காட்டுங்கள்.

அதே ஆய்வின் இன்னொரு முடிவை எந்த முதலீட்டாளரும் மறக்கக்கூடாது என்பேன். முதலீட்டாளர்கள் பகுப்பாய்வாளரின் எதிர்வுகூறலுக்குக் கொடுக்க வேண்டியதை விடக் கூடிய பாரமும், நடப்பு இலாபத்துக்கும் தேறிய சொத்துக்கும் கொடுக்க வேண்டியதை விடக் குறைந்த பாரமும் கொடுப்பதாகவே அவர்களுடைய தரவுகள் காட்டின. எதிர்வுகூறல் பயனற்றது என்பது இதன் பொருளன்று. 1998இல் ஃபிராங்கெலும் சார்ள்ஸ் லீயும் எதிர்வுகூறல்களை இந்த எஞ்சிய இலாப முறைக்குள் இட்டுப் பெறுமதியைக் கணித்தபோது, அது சந்தை விலையோடு நன்கு ஒத்துப்போனது; விலையை விடக் கணித்த பெறுமதி கூடிய பங்குகள் பிந்திய இரண்டு மூன்று ஆண்டுகளில் நல்ல வரவைத் தந்தன. எதிர்வுகூறல் கணக்கேட்டுக்குள் வந்து அமர்ந்தபோதுதான் அந்தப் பலன் கிடைத்தது.

கேள்வி: டொரன்டோவில் இருக்கும் மகன், பகுப்பாய்வாளர்களின் எதிர்வுகூறலை மிஞ்சிய இலாபம் காட்டும் பங்குகளை மட்டும் வாங்கினாற் போதும் என்கிறார். இது நல்ல வழியா? (தாய் ஒருவர், கோண்டாவில்)

பதில்: உங்கள் மகன் சொல்வதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை, அம்மா. எதிர்பாராத நல்ல இலாபத்தை அறிவித்த பங்குகளின் விலை அன்றே முழுவதும் ஏறி நின்றுவிடாமல், பிந்திய வாரங்களிலும் அதே பக்கம் மெல்ல நகர்வது அமெரிக்கச் சந்தையில் பல ஆண்டுகளாகக் கவனிக்கப்பட்ட விடயம். பேர்னாட், தோமஸ் இருவரும் 1989இல் அதை விரிவாக அளந்தார்கள். ஆனால் எதிர்வுகூறலை மிஞ்சுவது என்ற அளவுகோலே நகரக்கூடியது என்பதை அவரிடம் சொல்லுங்கள். ஆண்டின் தொடக்கத்தில் எதிர்வுகூறல்கள் உயரமாக இருக்கும். அறிவித்தல் நாள் நெருங்க நெருங்க, நிறுவனத்தின் முகாமை தரும் சைகைகளைப் பார்த்து அவை படிப்படியாகக் குறைக்கப்படும். கடைசியில் தாண்டக்கூடிய உயரத்துக்கு வந்துவிடும். உயரம் பாய்பவருக்காகக் கோலைத் தாழ்த்தி வைப்பதைப் போன்றது இது. ஜனவரியில் 20 ரூபா என்று சொல்லி, டிசெம்பரில் 16 என்று திருத்தி, நிறுவனம் 17 உழைத்தால், பத்திரிகைகள் ‘எதிர்பார்ப்பை மிஞ்சிய இலாபம்’ என்று எழுதும். உண்மையில் அந்த ஆண்டில் நடந்தது 3 ரூபா குறைவு.

எதிர்வுகூறலை எழுதுபவருக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார் என்பதும் முக்கியம். பங்கு வெளியீட்டுத் தொழிலைப் பெறுவதற்காகத் தம் ஆய்வுப் பிரிவுகளை வளைத்தன என்ற குற்றச்சாட்டில், 2003இல் அமெரிக்காவின் பத்து முதலீட்டு நிறுவனங்கள் ஒழுங்குபடுத்துநர்களோடு ஏறத்தாழ 140 கோடி டொலர் இணக்கத்துக்கு வந்தன. மகன் வாங்குமுன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இலாபத்துக்குப் பின்னால் காசு வந்திருக்கிறதா என்று காசுப்பாய்ச்சல் கூற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். வாங்கியவர் இன்னும் பணம் தராத கடன் விற்பனையாலும், களஞ்சியத்தில் தேங்கிய இருப்பாலும் பெருத்த இலாபம், காசாக வந்த இலாபத்தைப் போல நிலைத்து நிற்பதில்லை என்று ரிச்சர்ட் ஸ்லோன் 1996இலேயே காட்டியிருக்கிறார். எதிர்வுகூறலைக் கடைசி ரூபாவால் மிஞ்சிய நிறுவனங்களில் இதை இரண்டு முறை பார்ப்பது நல்லது.

கேள்வி: நீங்கள் சொன்னபடி ஆரம்ப முதலோடு இலாபத்தைக் கூட்டிப் பங்கிலாபத்தைக் கழித்துப் பார்த்தேன். ஆண்டிறுதி முதல் சரிவரவில்லை. ஓர் ஆண்டில் கூடியும் இன்னோர் ஆண்டில் குறைந்தும் இருக்கிறது. நான் எங்கே பிழைவிட்டேன்? (வணிகர், பருத்தித்துறை)

பதில்: நீங்கள் பிழைவிடவில்லை. இந்தக் கேள்வியை எவரேனும் கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருந்தேன். எஞ்சிய இலாப முறை ஒரு நிபந்தனையில் நிற்கிறது. முதலில் ஏற்படும் ஒவ்வொரு மாற்றமும், பங்குதாரரோடு நடந்த கொடுக்கல் வாங்கல் தவிர, இலாபத்தின் வழியாகவே வர வேண்டும். நடைமுறையில் சில தொகைகள் இலாபநட்டக் கணக்கின் வாசலால் வராமல் பக்கத்து வேலியால் முதலுக்குள் நுழைகின்றன.

கூடியிருந்த ஆண்டில் அநேகமாகக் காணி மீள்மதிப்பீடு செய்யப்பட்டிருக்கும். மீள்மதிப்பீட்டு நயம் ஏனைய விரிவான வருமானத்தில் காட்டப்பட்டு நேரே முதலின் ஒரு பகுதியான ஒதுக்கத்துக்குப் போகும். பங்கொன்றுக்கான உழைப்பில் அது வராது. காணியின் அருமை தெரிந்த நமக்கு அது மகிழ்ச்சியான செய்தியாகத் தோன்றும். ஆனால் முதல் ஏறிவிட்டால் அடுத்த ஆண்டிலிருந்து ஏறிய முதலுக்கும் கூலி கேட்க வேண்டும். அதே கட்டடத்தில் அதே வியாபாரம் நடந்து, அதே இலாபம் வந்தால், எஞ்சிய இலாபம் குறையும். காணியை விற்காத வரை, மீள்மதிப்பீடு பெறுமதியின் ஒரு பகுதியை எதிர்காலப் பக்கத்திலிருந்து இன்றைய பக்கத்துக்கு நகர்த்துகிறதே தவிர, அந்த வியாபாரத்துக்குப் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை.

குறைந்திருந்த ஆண்டு 2022 அல்லது 2022/23 ஆக இருந்தால், காரணம் அநேகமாகச் சர்சார்ஜ் டாக்ஸ் என்று எல்லோரும் சொல்லும் மிகைவரிதான். 2022ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம், 2020/21 மதிப்பீட்டு ஆண்டில் 200 கோடி ரூபாவுக்கு மேல் வரிக்குரிய வருமானம் பெற்றவர்களிடமிருந்து 25 வீதத்தை ஒருமுறை அறவிட்டது. கடந்த ஆண்டுக்குரிய செலவு என்று சட்டம் கருதியதால், இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் தந்த மாற்று வழிகாட்டலின்படி, நிறுவனங்கள் அதை அவ்வாண்டின் இலாபத்தில் கழிக்காமல், பிடித்துவைத்த வருவாயின் ஆரம்ப மீதியிலிருந்து நேரே கழித்தன. சட்டத்தின் பார்வையில் அதற்கு நியாயம் இருக்கலாம். பங்குதாரரின் பக்கத்திலிருந்து பார்த்தால், காசு வெளியே போனது. எந்த ஆண்டின் பங்கொன்றுக்கான உழைப்பிலும் அது தெரியவில்லை. 2020 முதல் 2023 வரையான உழைப்புகளை வரிசையாக அடுக்கி ஒரு நிறுவனத்தின் போக்கைக் காட்டும் வரைபடங்களை நான் பல அறிக்கைகளில் கண்டிருக்கிறேன். அந்த வரி அவற்றில் எங்கும் இல்லை. இப்படியான வரைபடத்தை நீட்டி எழுதப்படும் எதிர்வுகூறல், தொடக்கத்திலேயே சற்று உயரத்திலிருந்து புறப்படுகிறது.

ஆகவே இலாபநட்டக் கூற்றோடு நின்றுவிடாதீர்கள். உரிமையாண்மை மாற்றக் கூற்று என்ற பக்கத்தைத் திறந்து, ஆரம்ப மீதியிலிருந்து இறுதி மீதி வரை விரலை வைத்து வரிவரியாகக் கீழே வாருங்கள். பெரும்பாலானோர் புரட்டிவிட்டுப் போகும் பக்கம் அது. உங்களுக்குச் சரிவராத தொகை ஒவ்வொன்றும் அங்கே தன் பெயரோடு நிற்கும்.

கேள்வி: 2022ஆம் ஆண்டளவில் வங்கிப் பங்குகள் தேறிய சொத்தை விட மிகக் குறைந்த விலையில் விற்றன. இலாபம் காட்டிய வங்கிகள்கூட அப்படித்தான். நூறு ரூபா முதலை அதற்குக் குறைவாக ஏன் விற்றார்கள்? அப்போது வாங்காதது பிழையா? (வேலணை)

பதில்: அதற்கு இரண்டு காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. முதலாவது கூலி. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 700 அடிப்படைப் புள்ளிகளால், அதாவது 7 சதவீதப் புள்ளிகளால், உயர்த்தியது. அவ்வாண்டின் பிற்பகுதியில் அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன்பெறும் பத்திரங்களான திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 வீதத்தையும் தாண்டியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். அரசாங்கப் பத்திரமே 30 வீதம் தரும்போது, பங்குக்கு அதற்கும் மேல் கேட்பார்கள். மேலே நாம் போட்ட கணக்கில் 15 வீதத்தை எடுத்துவிட்டு 25ஐ மட்டும் இட்டுப் பாருங்கள். 18 ரூபா உழைப்பு அப்படியே இருக்கிறது. கூலி 25 ரூபா. எஞ்சியது 7 ரூபா நட்டம். இலாபம் காட்டும் நிறுவனம் முதலுக்குக் கீழே விற்பதில் வியப்பில்லை.

இரண்டாவது, அந்த நூறு ரூபா உண்மையில் நூறுதானா என்ற ஐயம். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் மீள்கொடுப்பனவை நிறுத்துவதாக அறிவித்தது. நம் வங்கிகள் பல, அரசாங்கத்தின் டொலர் முறிகளை (டொலரில் பெற்ற கடனுக்கான பத்திரங்களை) வைத்திருந்தன. அவற்றில் எவ்வளவு திரும்பி வரும் என்று மதிப்பிட்டு, எதிர்பார்க்கும் கடன் இழப்பை இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 9இன்படி முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். எவ்வளவு ஒதுக்குவது என்பதில் ஒவ்வொரு வங்கியும் தன் தீர்மானத்தை எடுத்தது. சந்தை தன் தீர்மானத்தை விலையில் எழுதியது. முறிகளின் மறுசீரமைப்பு 2024 டிசெம்பரில் முடியும் வரை இரண்டுக்கும் இடையில் இடைவெளி இருந்தது. இந்தக் காலத்தில் பகுப்பாய்வாளரின் அடுத்த ஆண்டு உழைப்பு எண்ணை விட, அவர் எவ்வளவு இழப்பு ஒதுக்கத்தை எடுகோளாகக் கொண்டார் என்பதே பெறுமதியான தகவலாக இருந்தது. அந்த எடுகோளைச் சொல்லாத அறிக்கைகளை நான் அப்போது ஓரமாக வைத்துவிட்டேன்.

வாங்காதது பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள். அன்று 30 வீத உண்டியலில் பணத்தை இட்டவர் பிழையாக எதுவும் செய்யவில்லை. உறுதியான வரவு அது. 2024 இறுதியில் உண்டியல் வட்டி 10 வீதத்துக்கும் கீழே வந்தபோது, அதே வங்கிகளின் அதே முதலுக்கு நாம் கேட்க வேண்டிய கூலியும் இறங்கிவிட்டது. இன்று வாங்க எண்ணினால், 2022இன் விலையோடு ஒப்பிட்டு மனம் வருந்த வேண்டாம். வங்கிகளின் நிதியாண்டு டிசெம்பரில் முடிகிறது; நான்காம் காலாண்டுக் கணக்குகள் பெப்ரவரி முடிவுக்குள் வந்துவிடும். இழப்பு ஒதுக்கம் பற்றிய குறிப்பையும் உரிமையாண்மை மாற்றக் கூற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, கூலியை எத்தனை வீதமாகக் கேட்பீர்கள் என்பதை முதலில் ஒரு துண்டில் எழுதுங்கள். பகுப்பாய்வாளரின் எண்ணை அதற்குப் பிறகு பாருங்கள். கணக்கில் தடங்கினால் அந்தத் துண்டையே எனக்கு அனுப்புங்கள்; அடுத்த இதழில் சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.